என் மகள் தலையில் நான் வைத்த பாளை

திருச்சியில் அலர்ஜி பார்க்கும் டாக்டர் ஒருவரின் அறை. என் மகளின் இடது முன்கையில் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்து, ஊசி நுனியால் லேசாகக் குத்தினார்கள். ஒவ்வொரு சொட்டும் ஒரு செடியின் அல்லது மரத்தின் மகரந்தம். சீமைக்கருவை, சவுக்கு, தைலமரம், பார்த்தீனியம், இரண்டு மூன்று புல் வகைகள், தென்னை. கால் மணி நேரம் கையை ஆட்டாமல் உட்காரச் சொன்னார்கள். எது ஆகாதோ அது வீங்கும். நான் எதிரில் உட்கார்ந்து, கருவைக் கோடு வீங்க வேண்டும், வேறு எதுவும் வீங்கக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். கருவை என்றால் ஊரையே வளைத்துக் கிடக்கிற சனியன், பழியை அதன்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

கருவைக் கோடு அப்படியே கிடந்தது. கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்குத் தோல் எழும்பிச் சிவந்து நின்றது. டாக்டர் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, "தென்னை" என்றார். நர்ஸ் எழுதிக்கொண்டார்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் டீச்சர். இருபத்திரண்டு வருடமாக மகரந்தச் சேர்க்கைப் பாடம் நடத்துகிறேன். தென்னம்பாளையைப் பள்ளிக்கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் வைத்து, நுனிவரை வரிசையாக இருக்கும் பொடிப்பூவெல்லாம் ஆண் பூ, அடியில் குண்டு குண்டாக இருக்கும் குரும்பை பெண் பூ என்று காட்டியிருக்கிறேன். காம்பைத் தட்டினால் மேசையில் மஞ்சளாகத் தூள் விழும். "பாத்தீங்களா, இதுதான் மகரந்தம். பூச்சியும் கொண்டுபோகும், காத்தும் கொண்டுபோகும்" என்பேன். காற்று எங்கே கொண்டுபோகும் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அது எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் போய் என் மகளின் மூக்குக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், திருவரங்குளத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம். வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு. என் கணவருக்கு அந்தத் தோப்புதான் எல்லாம். எங்களுக்கு ஒரே மகள். காற்று நன்றாக வருகிற அறையை அவளுக்குக் கொடுத்தோம், அதாவது தோப்பைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது தும்மலில் தொடங்கியது. காலையில் எழுந்தால் வரிசையாகத் தும்மல், அப்புறம் இருமல், அப்புறம் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். வீசிங் என்றார்கள். எங்கள் பக்கம் இழுப்பு என்போம். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தயிர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுத்தாள், ஐஸ் தின்றாள். ஒவ்வொன்றாக நிறுத்தினோம். பாவம், அந்தப் பிள்ளை பத்து வயதிலிருந்து ஒரு ஐஸ்கிரீமை நிம்மதியாகத் தின்றதில்லை. அவள் திருட்டுத்தனமாகத் தின்று நான் கண்டுபிடித்து அடித்த அடிகள் எல்லாம் இப்போது எனக்கு வரிசையாக ஞாபகம் வருகின்றன.

மே மாத லீவுக்கு மட்டும் ஜெகதாப்பட்டினத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவாள். அத்தை என் கணவரின் தங்கை. அவள் வீட்டுக்காரர் அங்கே ஒரு ஐஸ் பிளான்டில் மெஷின் ஓட்டுகிறார். கடற்கரை ஊர், வீட்டைச் சுற்றி மணலும் கருவையும்தான். ஐஸ்கட்டியை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் திரிவாள், இழுப்பே வராது. "அண்ணி, இங்கிட்டு இருக்கப்ப பிள்ள கல்லு மாதிரி இருக்கா. ஒங்க வீட்டுலதான் என்னமோ இருக்கு, பாருங்க" என்று அத்தை போனில் சொல்வாள். எனக்குச் சுர்ரென்று வரும். பத்தாவது தாண்டாதவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று நினைப்பேன். நினைத்ததோடு விடவில்லை, கணவரிடம் அதைச் சொல்லியும் காட்டியிருக்கிறேன். அவர் பாவம், தங்கச்சிக்கும் பேச முடியாமல் எனக்கும் பேச முடியாமல் தோப்புக்குப் போய்விடுவார்.

அப்புறம் கஜா புயல் வந்தது. விடிந்து பார்த்தால் தோப்பு முழுவதும் படுத்துக் கிடந்தது. ஒரு மரம்கூட மிச்சமில்லை. என் கணவர் விழுந்த மரங்களுக்கு நடுவே நடந்து நடந்து எண்ணிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே மாதக்கணக்காயிற்று. அந்த அமளியில் ஒன்றை நாங்கள் கவனிக்கவில்லை. மகளுக்கு இழுப்பு நின்றுபோயிருந்தது. கவனித்தபோது ஆறு மாதம் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சையை ஒரு தும்மல்கூட இல்லாமல் எழுதினாள்.

புயலுக்கு முந்தின வருடம்தான் எங்கள் ஊர் அம்மனிடம் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். இழுப்பு நின்றால் என் மகளை மது எடுக்க வைக்கிறேன் தாயே என்று. நின்றுவிட்டது. அம்மன் எங்கள் தோப்பை எடுத்துக்கொண்டு பிள்ளைக்கு மூச்சைக் கொடுத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஸ்டாஃப் ரூமிலும் சொன்னேன். நான் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. தோப்பு போனதால்தான் மூச்சு வந்தது. வாயால் சொன்னேன், புத்திக்கு எட்டவில்லை.

மது எடுப்பு எங்கள் பக்கத்துத் திருவிழா. ஆவணியில் நடக்கும். பெண்கள் குடத்தில் நெல்லை நிரப்பி, அதில் தென்னம்பாளையைக் குத்தி நிறுத்தி, பூச்சரம் சுற்றி, தலையில் சுமந்து ஊர்வலமாகக் கோயிலுக்குப் போவார்கள். அந்தப் பாளைக் குடத்துக்குத்தான் மது என்று பேர். ஒரு தெருவில் இருந்து கிளம்பி, அடுத்த தெருக் கூட்டம் சேர்ந்து, கோயிலை நெருங்கும்போது கண்ணுக்கு எட்டிய வரை தலைகளும் தலைகளுக்கு மேல் பாளைகளும்தான். நடக்க நடக்கப் பாளைகள் ஆடும். குலவைச் சத்தமும் கொட்டுச் சத்தமும் காதை அடைக்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். இப்போதும் அழகுதான், அதை நான் மறுக்கவில்லை.

வேண்டுதல் தள்ளிக்கொண்டே போனது. கொரோனா வந்தது, திருவிழா நின்றது. அப்புறம் அவளுக்குக் காலேஜ். அப்புறம் பெங்களூரில் வேலை. அங்கே போன முதல் வருடத்திலேயே தும்மலும் இழுப்பும் திரும்பி வந்தன. அங்கே ஒரு டாக்டர் இதே மாதிரி கையில் சொட்டு வைத்துப் பார்த்திருக்கிறார். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போன் செய்தாள்.

"பார்த்தீனியமாம்மா. அப்புறம் ஏதோ புல்லாம். எந்த மாசம் எது காத்துல பறக்கும்னு ஒரு சார்ட்டே குடுத்திருக்காங்க. என் ரூம்மேட் டெல்லிக்காரி இருக்கால்ல, அவளுக்கு அவ ஊர்ல ஒரு மல்பெரி மரம் ஆகாதாம். மார்ச் மாசம் ஊருக்குப் போனா கண்ணு ரெண்டும் வீங்கிரும், இங்க வந்தா ஒண்ணுமே இல்ல. ஊருக்கு ஊரு பறக்குற தூளு வேறயாம். அதனால இது இந்த ஊரு லிஸ்ட்டுதான், ஒங்க ஊருல போய் இருக்கறதுன்னா அங்க உள்ள மரத்துக்குத் தனியா டெஸ்ட் பண்ணிக்கங்கன்னு டாக்டர் சொன்னாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சார்ட்டைப் பிரிண்ட் எடுத்து பிளஸ் டூ வகுப்பில் ஒட்டினேன். நாடு முழுவதும் காற்று ஒன்று என்று நினைக்கிறோம், ஆனால் டெல்லிக்காரர் சுவாசிக்கிற தூள் வேறு, பெங்களூர்க்காரர் சுவாசிக்கிற தூள் வேறு என்று அரைமணி நேரம் விளாசினேன். புதுக்கோட்டைக்காரர் சுவாசிக்கிறது என்ன என்று ஒரு வரி சொல்லவில்லை. சார்ட்டில் தென்னை இல்லை. சார்ட்டில் இல்லாதது உலகத்திலேயே இல்லை. சிலபஸில் இல்லாத கேள்வி பரீட்சைக்கு வராது என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாத்தியார் புத்தி.

ஆக, இது பெங்களூர் நோய் என்று முடிவு கட்டினேன். ஊரில் இருந்தவரை நாலைந்து வருடம் நன்றாகத்தானே இருந்தாள்? அம்மன் குணப்படுத்திய பிள்ளை. நேர்த்திக்கடனை இழுத்தடித்ததால் அம்மன் ஞாபகப்படுத்துகிறாள். "வீட்டுல இருந்து வேல பாக்கலாம்னு சொன்னல்ல, கெளம்பி வா. நம்ம ஊரு காத்துல ஒரு மாசம் இரு, மதுவ எடுத்துரு, எல்லாம் சரியாப் போகும்" என்றேன். அவளும் இன்ஹேலரோடும் லேப்டாப்போடும் வந்து இறங்கினாள்.

அவள் வருவதற்கு முன்னால் நான் செய்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். வீட்டைச் சுற்றி ஒரு பார்த்தீனியச் செடி விடாமல் கையுறை போட்டுப் பிடுங்கினேன். வேலியோரக் கருவையை ஆள் வைத்து வெட்டினேன். திரைச்சீலையை வெந்நீரில் துவைத்தேன். அவளுடைய பழைய அறையைத் துடைத்து, நல்ல காற்று வரட்டும் என்று ஜன்னலை அகலத் திறந்துவைத்தேன்.

ஜன்னலுக்கு வெளியே புதுத் தோப்பு. புயலுக்குப் பிறகு என் கணவர் குட்டை ரகக் கன்றுகளாகப் பார்த்து வைத்தார். பழைய மரங்கள் வானத்தில் பூத்தன. இவை ஆள் உயரத்தில் பூக்கும், அவள் பெங்களூர் போன பிறகுதான் பூக்கவே தொடங்கின. ஏணி வேண்டாம், கயிறு வேண்டாம், நின்ற இடத்தில் காய் பறிக்கலாம் என்று அவருக்கு ஒரே பெருமை. அவள் வந்த சமயத்தில் எல்லா மரத்திலும் பாளை வெடித்திருந்தது. தென்னைக்குப் பருவம் கிடையாது, வருடம் முழுவதும் ஒன்று மாற்றி ஒன்று பாளை விட்டுக்கொண்டே இருக்கும். அதையும் நான்தான் பாடத்தில் சொல்கிறேன். இரண்டு பாளைகள் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றன. கட்டிலில் படுத்தால் முகத்துக்கு நேரே.

முதல் வாரமே தும்மல். மூன்றாவது வாரத்தில் தினமும் இன்ஹேலர். "பெங்களூர்ல இருந்து கொண்டாந்தது, போகப் போகத்தான் விடும்" என்றேன். அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "அம்மா, புதுக்கோட்டையில ஒரு டாக்டரப் பாப்பமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "மது எடுத்து முடிச்சுட்டுப் போவோம்" என்றேன், இரண்டு தடவையும்.

திருவிழாவுக்கு எல்லாரும் விரியாத பாளையை வெட்டி வந்து, முதல் நாள் சாயங்காலம் மட்டையைக் கீறிப் பிரித்து வைப்பார்கள். உள்ளே பூ வெள்ளையாக, மூடிய அரும்பாக இருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. நேர்த்திக்கடன் ஏழெட்டு வருடம் தாமதமானது, அதனால் என் மகளின் மது தனியாகத் தெரிய வேண்டும் என்று ஆசை. ஜன்னலோரம் தானாக வெடித்துப் பூத்திருந்த அந்த இரண்டு பாளைகளையும் காட்டி, "இதவே வெட்டுங்க, மஞ்சளா அம்சமா இருக்கு" என்று கணவரிடம் சொன்னேன். அவர் வெட்டினார். குடத்தில் நானே குத்தி நிறுத்தினேன். என் கை, சேலை எல்லாம் மஞ்சள் தூள். மங்கலம் என்று துடைக்காமல் விட்டேன். மகரந்தம் என்று எனக்குத் தெரியாதா என்ன? அது மகரந்தம் என்று இருபத்திரண்டு வருடமாகத் தெரியும்.

ஜெகதாப்பட்டினத்தில் இருந்து அத்தை காலையிலேயே வந்துவிட்டாள். மதியத்துக்கு மேல் ஊர்வலம் கிளம்பியது. மகள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். குடத்தைத் தலையில் ஏற்றும் முன் இன்ஹேலர் இருந்த சின்னப் பையைத் தோளில் மாட்டப் போனாள்.

"அது எதுக்கு இப்ப? ரெண்டு கையும் கொடத்தப் புடிக்கணும். எங்கிட்டக் குடு, நான் பக்கத்துலயேதான வாரேன்" என்று வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் பையை ஒரு தடவை பார்த்தாள், கொடுத்துவிட்டாள்.

முதல் இரண்டு தெரு ஒன்றும் இல்லை. பாளை நுனிகள் அவள் நெற்றிக்கு முன்னால் ஆடின. பூ உதிர்ந்து கன்னத்திலும் தோளிலும் ஒட்டியது. இரண்டு கையும் குடத்தில், அதனால் தட்டிவிட முடியவில்லை. முன்னால் நூறு பாளை, பின்னால் நூறு பாளை. கோயில் மைதானத்தை எட்டியபோது அவள் நடை தடுமாறியது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. வாய் திறந்திருந்தது. கண் பெரிதாகி எங்கோ பார்த்தது. உடம்பு முழுவதும் ஆடியது.

பக்கத்தில் வந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். யாரோ கத்தினார்கள். "ஆத்தா வந்துட்டாடி!"

குலவை எழுந்தது. ஒருத்தி குடத்தை இறக்கி வாங்கினாள். கொட்டுக்காரர்கள் நாலு பேர் அவளைச் சுற்றி வந்து நின்று அடியை வேகமாக்கினார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார்கள். சாம்பிராணித் தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு தெரிந்தது. ஒரு பெரியம்மா கைகூப்பி, "தாயே, மழ எப்பத்தா வரும்?" என்று கேட்டாள். பதில் சொல்ல மகளுக்கு மூச்சு இல்லை.

நான் என்ன செய்தேன்? சொல்லத்தான் வேண்டும். எனக்கு உடம்பு புல்லரித்தது. படித்தவள், பட்டம் வாங்கியவள், இழுப்பு என்றால் என்ன என்று ஐந்தாறு வருடம் நெஞ்சைத் தடவிப் பார்த்தவள், அந்தக் கூட்டத்தில் அந்தக் கொட்டுச் சத்தத்தில் என் மகள்மேல் அம்மன் இறங்கிவிட்டாள் என்று நம்பினேன். பெருமையாக இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினேன்.

"என் பிள்ளைக்கு இனிமே மூச்சே முட்டக் கூடாது தாயே" என்று வேண்டினேன். அவளிடமே.

அவள் என்னைப் பார்த்தாள். கை நீண்டது. என் கூப்பிய கைகளின்மேல் வந்து விழுந்து விரல்களைப் பிடித்தது. அம்மன் என் கையைத் தொட்டாள் என்று நினைத்தேன். அந்தக் கையை என் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து இறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விரல்கள் சில்லென்று இருந்தன. அம்மன் கை அப்படித்தான் குளிரும் போல என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு வெளியில் இருந்து ஒரு அலறல் கேட்டது. அத்தைதான். முழங்கையால் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நிறுத்துங்கடி கொலவைய! சாமியுமில்ல பூதமுமில்ல, பிள்ளைக்கு மூச்சு நின்னுக்கிட்டு இருக்கு! ஒதட்டப் பாருங்கடி, நீலமாப் போச்சு!"

ஐஸ் பிளான்டில் ஒரு தடவை அமோனியா கசிந்து ஆட்கள் மூச்சுத் திணறி விழுந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்த உதட்டு நிறம் அவளுக்குத் தெரியும். சாம்பிராணித் தட்டை ஒரே தட்டில் பறக்கவிட்டாள். கொட்டுக்காரரைப் பிடித்துத் தள்ளினாள். என் பக்கம் திரும்பி, "அந்தப் பம்பு எங்க அண்ணி? பம்பு!" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நான் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தையே என் தோளில் கிடந்த பையை வெடுக்கென்று பிடுங்கி, இன்ஹேலரை எடுத்து, மகளைத் தன் மடியில் சாய்த்து வாயில் வைத்து அமுக்கினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மகளால் உள்ளே இழுக்க முடியவில்லை. மருந்து வெளியே புகையாக வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொட்டு நின்றிருந்தது, அத்தனை பெரிய மைதானத்தில் அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் மெலிந்துகொண்டே வந்தது.

திருவிழாவுக்காக மைதான ஓரத்தில் 108 வண்டி நின்றிருந்தது. அது நிற்காமல் இருந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆக்சிஜன் மாட்டி ஏற்றினார்கள். புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுவதும் அத்தை, "மூச்ச விடாத, இழு ஆத்தா, இழு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நெபுலைசரும் ஊசியும் போட்டு அவள் மூச்சு சீரானபோது பொழுது சாய்ந்திருந்தது. இளவயது டாக்டரம்மா ஒருவர் அவள் முடியில் இருந்து எதையோ எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். மஞ்சள் பொடிப்பூ.

"இது என்னங்க?"

"தென்னம்பாளைங்க. மது எடுத்தா."

"இதுக்கு முன்னாடி தென்னைக்கு டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"பெங்களூர்ல எல்லாத்துக்கும் பண்ணியாச்சுங்க."

"அங்க உள்ளதுக்குப் பண்ணியிருப்பாங்க. இங்க நம்மளச் சுத்தித் தென்னைதான இருக்கு? திருச்சியில ஒருக்காப் பாத்துருங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தேன். என் சேலையில் அந்தத் தூள் அப்படியே இருந்தது. ஐந்தாம் வகுப்பு, தோப்பு ஜன்னல், இழுப்பு. ஜெகதாப்பட்டினம், மணல், இழுப்பு இல்லை. புயல், மரம் இல்லை, இழுப்பு இல்லை. பெங்களூரில் வேறு தூள், வேறு மாதம். திரும்பி வந்தாள், ஜன்னலில் பாளை, இழுப்பு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால்கூட இந்தக் கணக்கைப் போட்டிருக்கும். அத்தை டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தாள். "ஒங்க வீட்டுலதான் என்னமோ இருக்குன்னு அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை. என் சேலைத் தூளைத் தன் முந்தானையால் தட்டிவிட்டாள்.

திருச்சி டெஸ்ட் முடிந்து வந்த அன்று என் கணவர் ரிப்போர்ட்டை வாங்கி, தென்னை என்ற வரியை விரலால் தொட்டுப் படித்தார். மறுநாள் அரிவாளோடு போய் ஜன்னல் பக்கத்து வரிசையைச் சாய்த்துவிட்டார். வரிசை போனாலும் தோப்பு இருக்கிறது, தோப்பு போனாலும் ஊர் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எந்தத் திசையில் போனாலும் தென்னைதான்.

மகள் பெங்களூருக்கே திரும்பிப் போவது என்று முடிவானது. அங்கேயும் வரும், ஆனால் எந்த மாதம் வரும் என்று தெரியும், சார்ட் இருக்கிறது. நம்ம ஊர்க் காத்து என்று அவளை வரச் சொல்லிக் கூப்பிட இனி எனக்கு வாய் வராது.

கிளம்புவதற்கு முதல் நாள் நானும் அவளும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு மாதமாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்குக் கோயில்ல ஒனக்கு நெனவு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. எல்லாம் தெரிஞ்சுச்சு. பேச்சுதான் வரல."

"என் கையத் தொட்டியே..."

அவள் மடித்த துணியைப் பெட்டிக்குள் வைத்தாள்.

"பை ஒன் தோள்லதானம்மா இருந்துச்சு. ஒன் கையப் பிரிச்சு விடப் பாத்தேன். நீ இன்னும் இறுக்கமாக் கும்புட்ட."